போன் சார்ஜ் ஏறுது, ஆனா கம்ப்யூட்டர்ல காட்டல: கேபிளா, ஜாக்கா, டிரைவரா?

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். கடைக்கு வர்ற போன்ல இருந்து ஃபைல் எடுத்து பிரிண்ட் போடுற டெஸ்க்டாப். விண்டோஸ் 10, 64 பிட். ஒரு ஆண்ட்ராய்டு 13 போன், டைப்-சி ஜாக். கேபிள் போட்டா சார்ஜ் ஏறுது, "திஸ் பிசி"யில போன் பேரே வரமாட்டேங்குது. அதே கம்ப்யூட்டர்ல ஒரு பழைய மைக்ரோ யூஎஸ்பி போன் ஒழுங்கா வருது. கையில ரெண்டு டைப்-சி கேபிள்: ஒண்ணு பவர் பேங்க்கோட வந்த குட்டைக் கேபிள், இன்னொண்ணு போன் பாக்ஸ்ல வந்தது. போன், கம்ப்யூட்டர் ரெண்டையும் அணைச்சுப் போட்டாச்சு. நெட்ல "யூஎஸ்பி டிரைவர்"னு தேடினா ஏகப்பட்டது வருது. எதை இறக்கணும்? லிங்க் இருந்தா குடுங்க.

வண்ணை வாத்தியார்

லிங்க் எதுவும் வேணாம் சார். ஃபைல் எடுக்கத் தேவையான எம்டிபி டிரைவர், அதாவது போன் ஃபைலை விண்டோஸுக்குக் காட்டுற மென்பொருள், விண்டோஸ் 10லேயே இருக்கு. கண்ட தளத்துல "யுனிவர்சல் டிரைவர் பேக்" இறக்கினா, இருக்கிற ஒரு பிரச்சினை மூணாகும்.

டிரைவர் பக்கம் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்க: கேபிளைச் சொருகுற நொடியில கம்ப்யூட்டர் ஏதாவது அசையுதா? ஸ்பீக்கரை ஆன் பண்ணிட்டு, டிவைஸ் மேனேஜரைத் திறந்து வெச்சுக்கிட்டு சொருகுங்க. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணா டிவைஸ் மேனேஜர் வரும்.

சத்தமும் இல்ல, டிவைஸ் மேனேஜர் லிஸ்ட்டும் ஒரு தடவை கூட புதுப்பிக்கலன்னா, போன் இருக்கிறதே கம்ப்யூட்டருக்குத் தெரியல. அப்போ கேபிள், ஜாக், கம்ப்யூட்டர் போர்ட் இந்த மூணுல ஒண்ணு. டிரைவருக்கு அங்க வேலையே இல்ல. சத்தம் வருது, லிஸ்ட் ஆடுது, மஞ்சள் முக்கோணம் வருதுன்னா வேற கதை.

போன் பக்கமும் ஒரு அறிகுறி இருக்கு. டேட்டா லைன் உயிரோட இருந்தா நோட்டிஃபிகேஷன்ல "யூஎஸ்பி வழியா சார்ஜ் ஆகிறது, மற்ற வசதிக்குத் தட்டவும்"னு ஒரு வரி வரும். வெறும் மின்னல் குறி மட்டும் வந்தா, கம்ப்யூட்டரைச் சுவர் சார்ஜர்னு போன் நெனச்சுக்கிட்டு இருக்கு.

இன்னொண்ணு. விண்டோஸ் 10ல ஷட் டவுன் பண்ணிப் போட்டா எல்லாம் புதுசா ஆரம்பிக்காது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா கர்னல் நிலையைச் சேமிச்சு வெச்சு அதையே திரும்ப எடுத்துக்கும், தொங்கிப் போன யூஎஸ்பி டிரைவரும் அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் குடுங்க.

காசிமேடு சர்வீஸ்

பவர் பேங்க் கேபிளை முதல்ல தூக்கி ஓரமா வெச்சிடுங்கண்ணா. பவர் பேங்க், நெக் பேண்ட், டிரிம்மர் இதுங்களோட வர்றதுல நெறைய சார்ஜ் கேபிள்தான். உள்ள செகப்பும் கறுப்பும் மட்டும் இருக்கும். டேட்டா கேபிள்னா நாலு ஒயர்: செகப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சை டி பிளஸ், வெள்ளை டி மைனஸ். பச்சையும் வெள்ளையும் இல்லாம சார்ஜ் ஜம்முனு ஏறும், ஃபைல் மட்டும் ஜென்மத்துக்கும் வராது.

அறுத்துப் பாக்க வேணாம். மல்டிமீட்டரை கன்டின்யூட்டி மோட்ல வெச்சு, யூஎஸ்பி-ஏ முனையில இருக்கிற நாலு தகட்டுல நடு ரெண்டையும் டைப்-சி டெஸ்ட் போர்டு (பின்களைத் தனித்தனியா வெளிய காட்டுற சின்ன போர்டு) வழியா மறுமுனையோட பாருங்க. பீப் வரலன்னா சார்ஜ் கேபிள். மீட்டர் இல்லன்னா டேட்டா ஓடுதுன்னு நிச்சயமாத் தெரிஞ்ச இன்னொரு டைப்-சி போன்ல அதே கேபிளைப் போட்டுப் பாருங்க.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

பாத்துட்டேன்.

பவர் பேங்க் கேபிள்: சத்தமே இல்ல, மின்னல் குறி மட்டும்.

பாக்ஸ் கேபிள்: "டொக் டொக் டொக்"னு கட்டையா சத்தம். டிவைஸ் மேனேஜர்ல "அன்னோன் யூஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்"னு மஞ்சள் முக்கோணம். உள்ள போனா கோட் 43.

மாதவரம் பைபாஸ்

கோட் 43 டிரைவர் பிரச்சினைதான். அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ஸ்கேன் குடுங்க, சரியாயிடும்.

வண்ணை வாத்தியார்

எல்லா கோட் 43-யும் ஒண்ணு இல்ல. அந்த முக்கோணத்து மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், அதுல "ஹார்ட்வேர் ஐடீஸ்" தேர்ந்தெடுத்துப் பாருங்க. விஐடி (கம்பெனி எண்) 0000, பிஐடி (மாடல் எண்) 0002-ன்னு இருந்தா டிரைவரைத் தொடாதீங்க.

ஏன்னா, எந்த யூஎஸ்பி சாதனமும் சொருகின உடனே "நான் இன்ன கம்பெனி, இன்ன மாடல்"னு ஒரு சின்னத் தகவல் குடுக்கும். அதுதான் டிஸ்கிரிப்டர். ஷாவ்மி போன்னா விஐடி 2717-ன்னு வரும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எண். அதைக் கேட்டு பதில் வராததாலதான் விண்டோஸ் தானே சைபர் போட்டு வெச்சிருக்கு. பேரே சொல்லாத ஆளுக்கு எந்த டிரைவரைப் போடுறது? டேட்டா லைன்ல சிக்னல் உடையுது. அவ்வளவுதான்.

ஐடியில நிஜமான எண் வந்து, கூடவே கோட் 10 இல்லன்னா கோட் 28 வந்தா மட்டும் டிரைவர் வேலை. 28-ன்னா டிரைவரே போடல. 10-ன்னா போட்டிருக்கு, ஆனா கெளம்பல.

காசிமேடு சர்வீஸ்

அப்போ ரெண்டு சோதனை. ஒண்ணு, டவர் கேபினெட்டோட முன்பக்கப் போர்ட்டை விட்டுட்டு பின்னாடி மதர்போர்டுலேயே இருக்கிற போர்ட்ல போடுங்க. முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ள ஒரு நீள ஒயர் போய் 9 பின் ஹெடர்ல மாட்டியிருக்கும். அது லூஸா இருந்தாலும் துரு ஏறியிருந்தாலும் மவுஸ், கீபோர்டு ஓடும். 480 மெகாபிட் வேகத்துல பேசுற போன் தடுமாறும். ஹப், எக்ஸ்டென்ஷன் எதுவும் நடுவுல வேணாம்.

ரெண்டு, போன் பக்கம் டைப்-சி பிளக்கைத் திருப்பிப் போடுங்க. எந்தப் பக்கம் போட்டா என்ன வருதுன்னு தனித்தனியா சொல்லுங்கண்ணா.

மாதவரம் பைபாஸ்

டைப்-சில எந்தப் பக்கம் போட்டாலும் ஒண்ணுதானே ப்ரோ?

காசிமேடு சர்வீஸ்

நல்லா இருக்கிற ஜாக்ல ஒண்ணுதான்.

டைப்-சி ஜாக்கை லென்ஸ் வெச்சுப் பாருங்க. நடுவுல நாக்கு மாதிரி ஒரு தகடு, மேல் முகத்துல 12 தொடுமுனை, கீழ் முகத்துல 12, மொத்தம் 24. ரெண்டு ஓரத்துலயும் கிரவுண்ட், அதாவது 1-வதும் 12-வதும். 4-வதும் 9-வதும் 5 வோல்ட். அப்போ ரெண்டு முகமும் சேர்ந்து பவருக்கு நாலு, கிரவுண்டுக்கு நாலு. ரெண்டு மூணு கறுத்துப் போனாலும் மிச்சம் வெச்சு சார்ஜ் ஏறிடும்.

சாதா டேட்டா லைன் நடுவுல 6, 7 மட்டும். ஜாக்ல ரெண்டு முகத்துலயும் உண்டு. ஆனா கேபிள் பிளக்ல ஒரு பக்கம்தான் டேட்டா இருக்கும். ஆக எந்தப் பக்கம் சொருகுறீங்களோ அந்த முகத்து ரெண்டு தொடுமுனையை நம்பித்தான் மொத்த டேட்டாவும். அந்த முகத்துல பாசி புடிச்சிருந்தா டேட்டா அவுட். திருப்பிப் போட்டா அடுத்த முகம் வேலை செய்யும்.

நம்ம ஏரியால இது ஜாஸ்தி. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரத்து உப்புக்காத்து. ஜாக் உள்ள ஈரம் உக்காந்து, அந்த ஈரத்தோடவே சார்ஜ் போட்டா 5 வோல்ட் பின்னைச் சுத்தி அரிப்பு ஆரம்பிச்சிடும். பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருக்கும். 5 வோல்ட்டுக்குப் பக்கத்துலயே 5-வது பின் சிசி (பிளக் எந்தப் பக்கம் சொருகியிருக்குன்னு பாக்கிற பின்), அதை அடுத்து 6, 7 டேட்டா. வரிசையா போகும்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

அடேங்கப்பா. பின்பக்கப் போர்ட்ல போட்டும் ஒரு பக்கம் அதே கோட் 43. பிளக்கைத் திருப்பிப் போட்டா சத்தம் ஒழுங்கா "டிங் டாங்"னு வருது, போன்லயும் அந்த நோட்டிஃபிகேஷன் வருது! ஆனா "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" தட்டினா "திஸ் பிசி"யில இன்னும் வரல. டிவைஸ் மேனேஜர்ல இப்போ பேரோட வருது, கோட் 10.

பெரம்பூர் லோகோ

ஒரு சின்ன சோதனை, ஒரு நிமிஷ வேலை. அதே நோட்டிஃபிகேஷன்ல ஃபைல் டிரான்ஸ்ஃபருக்குப் பதிலா "யூஎஸ்பி டெதரிங்" தட்டுங்க, போன்ல மொபைல் டேட்டா ஆன்ல இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு நெட்வொர்க் வந்து நெட் ஓடினா கேபிள், ஜாக், போர்ட் எல்லாத்துக்கும் நற்சான்றிதழ். கோளாறு எம்டிபியில மட்டும்னு முடிவு கட்டிடலாம்.

கம்ப்யூட்டரே இல்லாம போன் ஜாக்கைச் சோதிக்கணும்னா ஓடிஜி அடாப்டர்ல (போன்லயே பென் டிரைவ் சொருக உதவுறது) பென் டிரைவ் போடுங்க. ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்கள்ல செட்டிங்ஸ்ல ஓடிஜி-னு தேடி அதை ஆன் பண்ணணும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தானே அணைஞ்சிடும். அது தெரியாம ஜாக் போச்சுன்னு சர்வீஸ் கடைக்கு ஓடுறவங்க உண்டு.

லினக்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம். டெர்மினல்ல எல்எஸ்யூஎஸ்பி (lsusb) அடிச்சா போன் தெரியுதான்னு பாத்துடலாம். கர்னல் லாக்ல "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71"னு வந்தா லைன்ல சிக்னல் கெட்டுப்போகுது, "-110"னு வந்தா பதிலுக்குக் காத்திருந்து நேரம் முடிஞ்சுபோச்சு. ரெண்டுக்கும் முதல் சந்தேகம் கேபிளும் ஜாக்கும்தான்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

டெதரிங் ஓடுது சார். நெட் வருது.

வண்ணை வாத்தியார்

அருமை. இப்போதான் டிரைவருக்கு வேலை வந்திருக்கு. அந்தக் கம்ப்யூட்டர்ல யாராவது ஃபிளாஷ் டூல், ரூட் டூல், போன் அன்லாக் டூல் போட்டிருக்காங்களா பாருங்க. "ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்"ல தெரியும். அதுங்க போடுற டிரைவர் போனை "ஏடிபி இன்டர்ஃபேஸ்"னு (டீபக்கிங்குக்கான இணைப்பு) பிடிச்சுக்கிட்டு எம்டிபிக்கு விடாது.

வரிசையாச் செய்யுங்க:

1. போன்ல யூஎஸ்பி டீபக்கிங் ஆன்ல இருந்தா அணையுங்க. ஃபைல் எடுக்க அது தேவையே இல்ல. ஆன்ல இருந்தா ஒரே போன் ரெண்டு மூணு சாதனமா லிஸ்ட்ல வந்து குழப்பும்.

2. போனைச் சொருகி, பூட்டைத் திறந்து, ஃபைல் டிரான்ஸ்ஃபர் தட்டுங்க. அப்படியே விடுங்க.

3. டிவைஸ் மேனேஜர்ல "போர்ட்டபிள் டிவைசஸ்", "அதர் டிவைசஸ்", "ஆண்ட்ராய்டு டிவைஸ்" இந்த மூணு தலைப்புல எங்கயோ போன் உக்காந்திருக்கும். ரைட் கிளிக், அன்இன்ஸ்டால். கேக்கும்போது "டிலீட் தி டிரைவர் சாஃப்ட்வேர்" டிக் வந்தா டிக் பண்ணுங்க. இந்த டிக்கை விட்டுட்டா அடுத்த தடவை சொருகும்போது அதே கெட்ட டிரைவர் திரும்ப வந்து உக்காரும். பலர் "அன்இன்ஸ்டால் பண்ணிப் பாத்தேன், பிரயோஜனமில்ல"னு சொல்றது இதனாலதான்.

4. ரீஸ்டார்ட். திரும்பச் சொருகுங்க. தானா வந்துட்டா சந்தோஷம்.

5. வரலன்னா: ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், "பிரவுஸ் மை கம்ப்யூட்டர்", அதுக்கு அடுத்து "லெட் மி பிக் ஃபிரம் எ லிஸ்ட்". அதுல "எம்டிபி யூஎஸ்பி டிவைஸ்" தேர்ந்தெடுங்க. லிஸ்ட்ல அது இல்லன்னா சி டிரைவ், விண்டோஸ், ஐஎன்எஃப் ஃபோல்டர்ல "டபிள்யூபிடிஎம்டிபி" (wpdmtp)ங்கிற பேர்ல ஒரு ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும். அதை ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்துட்டு திரும்ப வாங்க.

புளியந்தோப்பு பையன்

குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கவும். என் லேப்டாப்ல எந்த ஆண்ட்ராய்டு போனும் வரமாட்டேங்குது. கேபிள் நல்ல கேபிள். டெதரிங் ஓடுது. மேல சொன்ன 5-வது படியில எம்டிபி லிஸ்ட்லயே இல்ல, அந்த ஐஎன்எஃப் ஃபைலும் இல்ல.

வண்ணை வாத்தியார்

தம்பி, செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் எடிஷன் என்னன்னு பாருங்க. "ப்ரோ என்", "ஹோம் என்"னு கடைசியில ஒரு "என்" ஒட்டிக்கிட்டு இருக்கா? அது மீடியா சமாச்சாரங்களை எடுத்துட்டு ஐரோப்பியச் சந்தைக்காகப் போட்ட பதிப்பு. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கு ஓஎஸ் ஏத்தும்போது கவனிக்காம இதைப் போட்டு விட்டுடுவாங்க. எம்டிபியும் மீடியாவோட சேர்ந்து போயிருக்கும். "ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்"ல "ஆட் எ ஃபீச்சர்" போய் "மீடியா ஃபீச்சர் பேக்" சேர்த்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

புளியந்தோப்பு பையன்

"ப்ரோ என்" தான் சார்!! போட்டுட்டேன், வருது. நன்றி.

திருவொற்றியூர் தேரடி

இவ்ளோ கூத்து எதுக்கு நைனா? வைஃபைல அனுப்பிட்டுப் போறதுதான? குயிக் ஷேர் இருக்கு, வாட்ஸப் வெப் இருக்கு. இந்தக் காலத்துல கேபிள் போட்டு அழுதுக்கிட்டு.

பெரம்பூர் லோகோ

நாலு பிடிஎஃப்-க்கு நீங்க சொல்றது சரி. கல்யாண வீடியோ 60 ஜிபி எடுக்கணும்னா 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல ராத்திரி முழுக்க உக்காந்திருக்கணும். வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்பினாத்தான் அசல் தரம். சான்றிதழ் ஸ்கேன் மங்கலா வருதுன்னு அடிச்சுக்கிறதுக்குப் பாதி காரணம் இதுதான்.

ஜாக் செத்துப்போன போனுக்கு வைஃபைதான் வழி, அதுல மறுப்பில்ல. ஃபைல் மேனேஜர் ஆப்ல எஃப்டிபி வசதி இருந்தா ஆன் பண்ணுங்க, அது காட்டுற முகவரியை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்ல அப்படியே அடிச்சா போன் ஃபோல்டர் திறக்கும். ரெண்டும் ஒரே வைஃபைல இருக்கணும். வேலை முடிஞ்சதும் அணைச்சிடுங்க, அந்த இணைப்புல பூட்டு எதுவும் கிடையாது.

கொடுங்கையூர் 118

என்கிட்ட இருக்கிறது தவணையில வாங்கின போன். சொருகினா நோட்டிஃபிகேஷன் வருது, ஃபைல் டிரான்ஸ்ஃபர் மட்டும் மங்கலா இருக்கு, தட்ட முடியல. "உங்கள் நிர்வாகி முடக்கியுள்ளார்"ங்கிற மாதிரி ஏதோ வருது.

வண்ணை வாத்தியார்

அது கோளாறு இல்லங்க. ஆண்ட்ராய்டுல சாதன நிர்வாகம்னு ஒண்ணு இருக்கு. அதுல யூஎஸ்பி ஃபைல் பரிமாற்றத்தை மட்டும் தனியா தடுக்க வழி உண்டு. தவணைக்குப் பூட்டுற ஆப்பும் அதைப் பயன்படுத்தலாம், ஆபீஸ்ல குடுக்கிற போன்லயும் போடுவாங்க. கேபிள் மாத்தி, டிரைவர் மாத்தி ஒண்ணும் ஆகாது. கடன் முடிஞ்சதும் எடுத்துவிடச் சொல்லணும். உடைக்கிற டூல் பக்கம் போகாதீங்க, ஃபேக்டரி ரீசெட் ஆகி உள்ள இருக்கிறதும் போயிடும். அதுவரைக்கும் போட்டோவை கூகுள் டிரைவ்ல ஏத்திக்குங்க.

இதே மாதிரி கம்ப்யூட்டர் பக்கமும் தடை இருக்கும். ஆபீஸ் சிஸ்டம்ல குரூப் பாலிசி வெச்சு போர்ட்டபிள் சாதனங்களைப் படிக்க விடாம பண்ணியிருப்பாங்க. போன் பேர் வரும், திறந்தா அனுமதி இல்லம்பான்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

வந்துடுச்சு! ஏதோ ஒரு ஃபிளாஷ் டூல் டிரைவர் இருந்தது, 3-வது படியில டிக் போட்டு எடுத்தேன். ரீஸ்டார்ட் பண்ணதும் எம்டிபி தானா வந்தது. போன் பேர் வருது, திறந்தா "இந்த ஃபோல்டர் காலியாக உள்ளது"ன்னு வந்துச்சு, போன் பூட்டைத் திறந்ததும் எல்லாம் தெரிஞ்சது.

ரெண்டு கேள்வி. ஒவ்வொரு தடவையும் ஃபைல் டிரான்ஸ்ஃபர் தட்டணுமா? நேத்து எடுத்த சில போட்டோ போன்ல இருக்கு, கம்ப்யூட்டர்ல மட்டும் தெரியல, அது ஏன்?

பெரம்பூர் லோகோ

தட்டுறது நல்லதுதான் சார். ஆண்ட்ராய்டு 6-ல இருந்து சொருகினா முதல்ல வெறும் சார்ஜ்தான். யார் கம்ப்யூட்டர்ல சார்ஜ் போட்டாலும் போட்டோவை உருவிக்கிட்டுப் போகக்கூடாதுன்னுதான் அப்படி வெச்சது. உங்க சொந்தப் போன்னா, செட்டிங்ஸ்ல பில்டு நம்பரை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து, "டீஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன்"ல ஃபைல் டிரான்ஸ்ஃபர் வைக்கலாம். அப்பவும் பூட்டு திறந்தாத்தான் உள்ள தெரியும். கஸ்டமர் போன்ல இதெல்லாம் கை வைக்காதீங்க.

போட்டோ விஷயம்: எம்டிபி பென் டிரைவ் மாதிரி இல்ல. போன் தன்கிட்ட இருக்கிற மீடியா பட்டியலைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பட்டியல்ல ஏறாத ஃபைல் போன்ல இருந்தும் கம்ப்யூட்டருக்கு இல்ல. போனை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணா பெரும்பாலும் சரி. அப்பவும் வரலன்னா ஆப்ஸ், சிஸ்டம் ஆப்ஸ் காட்டு, "மீடியா ஸ்டோரேஜ்", டேட்டா கிளியர், ரீஸ்டார்ட். போட்டோ எதுவும் அழியாது, பட்டியல் மட்டும் புதுசா எழுதும். ஃபைல் நெறைய இருந்தா நேரம் எடுக்கும், கேலரி கொஞ்ச நேரம் காலியா தெரியும், பதறாதீங்க.

எண்ணூர் அனல்

ஐபோனுக்கும் சொல்லுங்க சார். விண்டோஸ் 11. சொருகினா டிசிஐஎம் ஃபோல்டர் வருது. காப்பி பண்ணா பாதியில "சிஸ்டத்துடன் இணைக்கப்பட்ட சாதனம் இயங்கவில்லை"ங்கிற அர்த்தத்துல ஒரு எரர். சில நாள் போனே வராது.

வண்ணை வாத்தியார்

பாதியில நிக்கிறதுக்குக் காரணம் படம் மாத்துற வேலை. ஐபோன் போட்டோவை ஹெய்க்ங்கிற வகை ஃபைலா சேமிக்குது, கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போது ஜேபெக்கா மாத்தி மாத்திக் குடுக்குது, நடுவுல மூச்சு வாங்கி நின்னுடுது. செட்டிங்ஸ்ல போட்டோஸ் போய் கடைசியில "டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி"யில "ஆட்டோமேட்டிக்"ல இருந்து "கீப் ஒரிஜினல்ஸ்"க்கு மாத்துங்க. ஐஓஎஸ் 18-ல இருந்து போட்டோஸ், "ஆப்ஸ்"ங்கிற தலைப்புக்குள்ள இருக்கும். அதுக்கு அப்புறம் ஹெய்க் ஃபைலாவே வரும், விண்டோஸ்ல திறக்க ஹெய்ஃப் எக்ஸ்டென்ஷன் போடணும்.

போட்டோ எண்ணிக்கை குறைவா தெரிஞ்சா ஐகிளவுட்ல "ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்" ஆன்ல இருக்கு. அசல் படம் போன்லயே இல்ல, அப்புறம் எப்படி காப்பி ஆகும்?

போனே வரலன்னா: பூட்டைத் திறந்துட்டு சொருகுங்க. ஐஓஎஸ் 11.4.1-ல இருந்து பூட்டி ஒரு மணி நேரம் தாண்டினா டேட்டா லைனை அதுவே அடைச்சுக்கும். "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா" கேட்டா "டிரஸ்ட்". தப்பா மறுத்திருந்தா ஜெனரல், "டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்", ரீசெட், "ரீசெட் லொகேஷன் அண்ட் பிரைவசி". அப்பவும் வரலன்னா சர்வீசஸ்ல "ஆப்பிள் மொபைல் டிவைஸ் சர்வீஸ்" ஓடுதான்னு பாத்து ரீஸ்டார்ட் குடுங்க.

காசிமேடு சர்வீஸ்

ஜெராக்ஸ் அண்ணா, ஒரு பக்கம் வேலை செய்யுதுன்னு ஜாக்கை அப்படியே விட்டுடாதீங்க. அடுத்த முகமும் போகும், அப்புறம் சார்ஜே நிக்கும். போன்காரர்கிட்ட சொல்லிடுங்க.

மொதல்ல சுத்தம். போனை அணைச்சிடணும். பேக் கவரைக் கழட்டி பிளக் முழுசா உள்ள போய் "கிளிக்"னு உக்காருதான்னு பாக்கணும். தடிமன் கவரே பிளக்கைத் தடுக்கிறது உண்டு. உக்காரலன்னா ஜாக்கோட அடியில பாக்கெட் பஞ்சு அமுங்கிக் கெட்டியாக் கிடக்கும். மரக் குச்சியை மெல்லிசா சீவி, நாக்குக்கும் ஓரச் சுவருக்கும் நடுவுல விட்டு வெளிப்பக்கமா இழுக்கணும். ஊசி, சிம் பின், சேஃப்டி பின் வேணவே வேணாம். நாக்குல கீறினா தொடுமுனை பேந்துடும். வாயால ஊதுறதும் வேணாம், எச்சில் ஈரம்தான் உள்ள போகும்.

பஞ்சு போனதும் 99 சதவீத ஐசோ புரொபைல் ஆல்கஹால், மெல்லிசு பிரஷ்ல தொட்டுத் தொட்டு ரெண்டு முகத்துலயும் தேய்க்கணும், ஊத்தக் கூடாது. சானிடைசர் ஜெல் ஒட்டும். ஜாக் கீழ்ப்பக்கம் பாத்த மாதிரி அரை மணி நேரம் காய விட்டு ஆன் பண்ணலாம்.

சுத்தம் பண்ணியும் ஒரு பக்கம் வரலன்னா பிரிச்சுப் பாக்கணும். பேட்டரி கனெக்டரைக் கழட்டிட்டு மீட்டரை டயோடு மோட்ல வெச்சு, செகப்பு புரோப் கிரவுண்ட்ல, கறுப்பு புரோப் டெஸ்ட் போர்டுல டேட்டா பின்ல. டி பிளஸ்ஸும் டி மைனஸ்ஸும் ஏறக்குறைய ஒரே ரீடிங் காட்டணும். ஒரு முகத்துல ரீடிங் இருந்து அடுத்த முகத்துல ஓஎல் (இணைப்பு அறுந்திருக்கு) காட்டினா ஜாக்தான். ரெண்டு முகத்துலயும் ஓஎல்னா சப் போர்டுல (ஜாக் இருக்கிற சின்ன போர்டு) இருந்து மெயின் போர்டுக்குப் போற ஃப்ளெக்ஸை, அதாவது பட்டை ஒயரைப் பாருங்க. டிஸ்பிளே மாத்தின பிறகு டேட்டா போச்சுன்னா பாதி கேஸ் அந்த ஃப்ளெக்ஸ் சரியா அமுங்காததுதான். சைபர் காட்டினா ஷார்ட், போர்டு வேலை.

மாதவரம் பைபாஸ்

சப் போர்டு மாத்தினா மொத்தமா முடிஞ்சதே, ஜாக்கை மட்டும் எதுக்கு நோண்டணும்?

காசிமேடு சர்வீஸ்

சப் போர்டு தனியா வர்ற மாடலா இருந்தா மாத்தலாம், தப்பில்ல. ஆனா போர்டு மேல அச்சடிச்சிருக்கிற நம்பர் பழசோட ஒத்துப் போகணும். பாக்க ஒரே மாதிரி இருக்கும். டூப்ளிகேட்ல சார்ஜ் ஏறும், டேட்டா வராது, இல்ல ஃபாஸ்ட் சார்ஜ் போயிடும், மைக் சத்தம் குறையும். மாத்தினவங்க கடையை விட்டுப் போறதுக்குள்ள சார்ஜ் மட்டும் பாக்காம, கம்ப்யூட்டர்ல ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டு ஃபைல் வருதான்னு பாக்கணும், ஒரு கால் பேசிப் பாக்கணும். ஜாக் மெயின் போர்டுலேயே இருக்கிற மாடலுக்கு இந்தப் பேச்சே இல்ல, ஜாக்கைத்தான் மாத்தியாகணும். ஹாட் ஏர் கை பழகினவங்ககிட்ட குடுங்க.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

சொல்லிட்டேண்ணா, கொண்டு வர்றேன்னு இருக்காரு. கடைக்குன்னு ஒரு கேபிள் வாங்கி வைக்கணும், எது வாங்க? பர்மா பஜார் பக்கம் போற வேலை இருக்கு.

பெரம்பூர் லோகோ

ஒரு மீட்டர் நீளம், யூஎஸ்பி-ஏ டு டைப்-சி. அட்டையில "480 எம்பிபிஎஸ்"ஸோ "டேட்டா சிங்க்"கோ போட்டிருக்கணும், வாட் மட்டும் போட்டிருந்தா வேணாம். ரெண்டு மூணு மீட்டர் கேபிள் சார்ஜுக்கு வசதி, டேட்டாவுக்குத் தொல்லை. ரெண்டு முனையும் டைப்-சி இருக்கிறதை டெஸ்க்டாப்புக்கு வாங்காதீங்க. லேப்டாப்ல அதைப் போட்டா சில சமயம் போன் லேப்டாப்புக்கு சார்ஜ் குடுக்க ஆரம்பிச்சிடும், போன்ல யூஎஸ்பி செட்டிங்ஸ்ல "யூஎஸ்பியைக் கட்டுப்படுத்துவது"ங்கிற இடத்துல மாத்திவிடணும். கடையிலேயே உங்க போனையும் அவங்க லேப்டாப்பையும் இணைச்சு, ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு காசு குடுங்க. கூடவே மைக்ரோ யூஎஸ்பி, லைட்னிங் ஒவ்வொண்ணும் வாங்கி, மேல பிளாஸ்டர் ஒட்டி "டேட்டா"ன்னு எழுதி வெச்சிடுங்க. சார்ஜ் கேபிளோட கலந்துச்சுன்னா திரும்ப முதல் போஸ்ட்தான்.

கொடுங்கையூர் 118

அந்தப் பவர் பேங்க் கேபிளை என்ன பண்றது?

காசிமேடு சர்வீஸ்

சென்ட்ரல்ல, பஸ் ஸ்டாண்டுல பொது சார்ஜிங் பாயின்ட்ல போட எடுத்துட்டுப் போங்க. டேட்டா லைனே இல்லாததால அந்தப் பக்கம் என்ன இருந்தாலும் போனுக்குள்ள கை வைக்க முடியாது.